மாசிலாமணி வீட்டு மேற்கு ஜன்னல்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடுகிற அந்தத் தனியார் பஸ்ஸில் ஒரே ஒரு தடவை ஏறியவர்கூடக் கண்டக்டர் மாசிலாமணியை மறந்திருக்க மாட்டார். நல்லபடியாக நினைத்துக்கொள்வார் என்று சொல்ல வரவில்லை. மனுஷர் அப்படி ஒரு சிடுமூஞ்சி. "இல்ல" என்கிற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே முப்பது வருஷம் பிழைப்பை ஓட்டியவர். சில்லறை இருக்கிறதா என்றால் இல்லை. பின்னால் இடம் இருக்கிறதா என்றால் இல்லை. பைபாஸில் கொஞ்சம் நிறுத்த முடியுமா என்றால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் இல்லை.

வெயில் காலம் வந்துவிட்டால் அவருடைய அதிகாரம் இன்னும் கூடிவிடும். மதியத்துக்கு மேல் விழுப்புரத்தை விட்டுக் கிளம்பியதும் இடப்பக்கத்து ஜனங்களிடம் போய் நிற்பார். "ஷட்டர எறக்குய்யா. வெயிலு உள்ள வருது பாரு." காத்து வேணாமா கண்டக்டர் என்று யாராவது கேட்டால், "அது காத்து இல்ல, எறக்கு" என்பார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றால் கேட்கவே வேண்டாம். சுற்றிலும் லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கும். அத்தனை என்ஜின் சூடும் பஸ்ஸுக்குள் ஏறும். எல்லாக் கண்ணாடியையும் மூடச் சொல்லிக் கத்துவார். ஜனங்கள் வாய்விட்டே திட்டும். டோல்கேட்டைத் தாண்டி வண்டி வேகம் எடுத்த பிறகு, வெயில் படாத பக்கத்தை மட்டும் திறக்கச் சொல்வார். ஏன் மூடச் சொன்னார், ஏன் திறக்கச் சொன்னார் என்று ஒரு வார்த்தை விளக்கம் சொல்வாரா? ஊஹூம். காரணம் சொல்லும் பழக்கமே அவரிடம் கிடையாது. ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். அதற்கு மேல் உலகத்தோடு பேச என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

வீட்டிலும் இதே சட்டம்தான். திண்டிவனத்துக்கு வெளியே, காலனியின் கடைசித் தெருவில், தளம் போட்ட ஒற்றை அறை வீடு. கிழக்கே ஒரு ஜன்னல், அதற்கு நேர் எதிரே மேற்கே ஒரு ஜன்னல். மேற்கே எட்டிப் பார்த்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிய வெறுங்காடு. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது. சித்திரை பிறந்துவிட்டால் காலையில் டூட்டிக்குக் கிளம்பும் முன்னே மாசிலாமணி இரண்டு ஜன்னலையும் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். மேற்கு ஜன்னலுக்கு வெளியே கோணிப்பை ஒன்றையும் தொங்கவிடுவார். கடைசி டிரிப் முடிந்து வீடு திரும்பியதும் முதல் வேலையாக இரண்டையும் விரியத் திறந்துவிடுவார். அப்புறம்தான் சட்டையைக் கழற்றுவது.

அவர் மனைவி ஜெயத்துக்கு இது பற்றிக்கொண்டு வரும். "பகல்ல சாத்திப்புட்டு ராத்திரியில தொறக்குறாரு பாரு. திருடனுக்கு வசதியா இருக்கட்டும்னா?" என்று பக்கத்து வீட்டு சவுரியம்மாளிடம் சொல்லிப் புலம்புவாள். நேரிலும் கேட்டுப் பார்த்திருக்கிறாள். "ஏங்க, வூட்டுல ஒரு வெளிச்சம் வேணாமா? நான் இன்னா வவ்வாலா?" "தொறக்காத," என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. கல்யாணமான நாள் முதல் தன் பேச்சுக்கு அவர் வாயிலிருந்து ஒரு ஆமா வந்ததே இல்லை என்று ஜெயம் சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள். ஆனால் ரொம்பக் கூட்டவில்லை.

இப்படிப்பட்ட மனுஷர் பங்குனி மாசத்தில் ஒரு நாள் விக்கிரவாண்டி நிறுத்தத்தில் விசிலை வாயில் வைத்தவர், ஊதாமலே படியில் சாய்ந்தார். டிரைவர் தாண்டவராயன் யாரையும் கேட்கவில்லை. பயணிகளோடு பயணிகளாக அவரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு பஸ்ஸை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார். உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் போயின. வாய் வலப்பக்கம் கோணித் தொங்கியது. பேச்சும் போயிற்று. முழுசாகப் போயிருந்தாலும் தேவலை, ஒரே ஒரு சொல் மிஞ்சி நின்றுவிட்டது.

அந்தச் சொல் என்ன தெரியுமா? "ஆமா".

எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வந்தது. தண்ணீர் என்று நினைப்பார், ஆமா என்று வரும். முதுகு வலிக்கிறது என்று நினைப்பார், ஆமா. வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று உயிரைக் கொடுத்துக் கத்துவார், "ஆமா! ஆமா!" என்று தெருவுக்கே கேட்கும். தலைக்குள் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. பஸ் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்தையும் மனசுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார், ஒன்றுகூட மறக்கவில்லை. உதட்டுக்கு வரும்போதுதான் எல்லாம் ஒரே சொல்லாக மாறித் தொலைந்தது. ஆண்டவனுக்கும் கிண்டல் புத்தி உண்டு போலிருக்கிறது. வேறு எந்தச் சொல்லை விட்டுவைத்திருந்தாலும் இவ்வளவு கஷ்டம் வந்திராது.

ஜெயத்துக்கு இந்தச் சூட்சுமம் எங்கே தெரியும்? பேச்சு மெல்லத் திரும்பும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்த முதல் நாள், "கஞ்சி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். "ஆமா." "மில்லு வேலைக்கு லீவு சொல்லிப்புட்டேன், சரிதானே?" "ஆமா." "நம்ம பொண்ணு அருணாவ வர வேணாம்னு சொல்லிட்டேன். கைப்புள்ளக்காரி, கோயம்புத்தூர்ல இருந்து எப்படி அலைவா? சரிதானே?" "ஆமா." ஜெயத்தின் கண்ணில் மளுக்கென்று தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் தன்னோடு இப்படி ஒத்துப்போனதே இல்லையே! அந்த வாரத்துக்குள் அவள் பேச்சில் இருந்த 'ங்க' காணாமல் போயிற்று. குழந்தையிடம் பேசுகிற மாதிரி நீ, வா, குடி என்று ஆகிவிட்டது. அதில் பிரியம் இருந்தது என்பது மாசிலாமணிக்கும் தெரிந்தது.

பிரியத்துக்குக் குறைவில்லை. ஆபத்தே அதில்தான் வந்தது.

சவுரியம்மாள் நல்லவள். ஆனால் வாத நோய் என்றால் ஊரிலேயே தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு. அவளுடைய அண்ணன் ஒருத்தர் பக்கவாதத்தில் கிடந்தாராம். "வாதம்னா இன்னாடி? உடம்புல பூந்த காத்துதானே?" என்று ஜெயத்துக்கு எடுத்துச் சொன்னாள். "பனிக்காத்து பட்டுச்சுன்னா, மிச்சமிருக்குற கையும் இழுத்துக்கும். பொழுது சாய்ஞ்சா எல்லாத்தையும் இறுக்கச் சாத்திப்புடு. காதுக்கு மப்ளர் கட்டு. பகல்ல நல்லா தொறந்து வுடு. அனல் காத்து பட்டாத்தான் நரம்பு எளகும்."

சித்திரை மாசத்தில், திண்டிவனத்தில், பனிக்காற்று! கேட்டுக்கொண்டு படுத்திருந்த மாசிலாமணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜெயம் அவர் பக்கம் குனிந்தாள். "பகல்ல தொறந்து வெக்கட்டா?"

செத்தாலும் வேண்டாம் என்று சொன்னார். "ஆமா!" என்று வந்தது.

"கேட்டியாக்கா?" என்று சவுரியம்மாளைப் பார்த்து ஜெயம் பெருமையாகச் சொன்னாள். "முப்பது வருசமா தொறக்காத தொறக்காதன்னு உசுர வாங்கினவரு, இப்பத்தான் புத்தி வந்து வாயத் தொறந்து ஆமாங்குறாரு." மேற்கு ஜன்னலில் தொங்கிய கோணிப்பையை அவிழ்த்துக் கால் துடைக்க வாசலில் போட்டாள்.

அன்றிலிருந்து தினமும் ஒரே கதைதான். மல்லாட்டை உடைக்கிற மில்லில் ஜெயத்துக்கு வேலை. லீவு எத்தனை நாள் கொடுப்பார்கள்? காலையில் அவரைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, இரண்டு ஜன்னலையும் மல்லாக்கத் திறந்து வைத்துவிட்டு, "காத்தாட படுத்துக்கினு இரு, சவுரியக்கா மதியம் கூழு கொண்டாருவா" என்று சொல்லிவிட்டுப் போவாள். கிழக்கு வெயில் முதலில் கட்டிலின் கால்மாட்டில் விழும். அது பரவாயில்லை. வெயில் உச்சிக்கு ஏறி, பிறகு மேற்கே சாயத் தொடங்கியதும்தான் ஆரம்பிக்கும். வெறுங்காட்டு மண்ணில் காய்ந்து வறுபட்ட காற்று நேரே ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து முகத்தில் அடிக்கும். தலைக்கு மேலே ஃபேன் அந்தக் காற்றையே எடுத்து மறுபடி அவர் மேலேயே போடும். தலையணை சுடும். கட்டில் கம்பியைத் தொட முடியாது. புரண்டு படுக்கலாம் என்றால் பாதி உடம்பு பேச்சைக் கேட்காது. எழுந்து நான்கே எட்டு வைத்தால் ஜன்னல் கதவு. அந்த நான்கு எட்டு அவருக்கு விழுப்புரத்தைவிடத் தூரம்.

வெளியே வீட்டுக்குள்ளைவிடச் சூடாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் சூடு உள்ளே வரும். வெளியே ஆறிய பிறகு திறந்தால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போகும். இவ்வளவுதானே விஷயம்? இரண்டே வாக்கியம். முப்பது வருஷத்தில் ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது இதை அவளிடம் சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அந்த நினைப்பு வரும்போது வெயிலைவிட அதுதான் அவரை அதிகமாக வாட்டியது. சொல்ல வாயிருந்தபோது சொல்ல மனசில்லை. இப்போது மனசு கிடந்து அடித்துக்கொண்டது, வாய் இல்லை.

பொழுது சாய்ந்ததும் வெளியே காற்று மெல்ல ஆறும். கிழக்கிலிருந்து, கடல் பக்கத்திலிருந்து ஓர் ஈரக் காற்று கிளம்பி வரும். அது தெருமுனைக்கு வருவதை மாசிலாமணி அங்கே நிற்கிற வேப்பமரத்து இலை அசைகிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். சரியாக அந்த நேரத்துக்கு ஜெயம் மில்லிலிருந்து வந்து சேர்வாள். காலைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து, "ஐயையோ, பனி எறங்குது" என்று இரண்டு ஜன்னலையும் படார் படாரென்று சாத்துவாள். பிறகு அவர் காதைச் சுற்றி மப்ளரைக் கட்டுவாள். கம்பளி மப்ளர்! பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவரும் தளமும் அதற்கப்புறம்தான் சூட்டைக் கக்க ஆரம்பிக்கும். போக வழியில்லாமல் அது அறைக்குள்ளேயே நிற்கும். ஜெயமும் அதே அறையில்தான், தரையில், ஈரத்துணியை மேலே போர்த்திக்கொண்டு புழுங்கித் தவித்தாள். வெளியே வாசலில் படுத்தால் அவளாவது தூங்கலாம். மாட்டாள். "ஒனக்காகத்தான் நானும் வெந்துக்கினு கெடக்குறேன்," என்பாள்.

அவரும் சும்மா இருந்துவிடவில்லை. இடது கையை நீட்டி ஜன்னலைக் காட்டினார். வேடிக்கை பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக் கட்டிலை இன்னும் ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டாள். தலையை ஆட்டி மறுத்தார். கழுத்தும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் அது சரி சரி என்று ஆட்டுவதுபோல் இருந்தது. ஒரு நாள் காலையில் அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபோது கஞ்சி டம்ளரைத் தூக்கி எறிந்தார். டம்ளர் சுவரில் பட்டு உருண்டது. "இன்னா கோவம்? ஜல்தியா தொறக்கலன்னா? இரு இரு, தொறக்குறேன்," என்று அவசரமாகத் திறந்தாள். "ஆமா, ஆமா, ஆமா!" என்று அவர் கதறினார். "அதான் தொறந்துட்டேனே," என்றாள்.

சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவருக்குச் சோறு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு ஜெயம் ஒரு கேள்வி கேட்பாள். தவறாமல் கேட்பாள். "நான் ஒன்ன நல்லா பாத்துக்குறனா?"

"ஆமா."

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிடும். நாளெல்லாம் மல்லாட்டைத் தூசியில் நின்ற அலுப்பு அதில் கரைந்துவிடும். அதை வைத்துக்கொண்டுதான் மறுநாள் எழுந்தாள். மாசிலாமணிக்கோ அந்த நேரத்தில் உடம்பு கூசும். தான் சொல்லாத ஒன்றைத் தன் வாய் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அவள் அதை வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறாள்.

அக்னி நட்சத்திரம் பிறந்தது. அதில் ஒரு நாள் சவுரியம்மாள் சொந்தத்தில் ஒரு சாவுக்குப் போய்விட்டதால் மதியக் கூழ் வரவில்லை. கரண்டும் போயிற்று. மேற்கு ஜன்னல் வழியே வெயில் கட்டிலுக்கே வந்து, மடியில், மார்பில், கடைசியில் முகத்தில் ஏறியது. முதலில் வேர்வை ஊற்றியது. பிறகு வேர்வை நின்றுவிட்டது. அது நின்றதும் மாசிலாமணிக்குப் பயம் வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டோல்கேட்டில் பஸ் நிற்பதுபோலவும், சுற்றிலும் லாரிகள் உறுமுவது போலவும், ஜனங்கள் கண்ணாடியை மூடாமல் உட்கார்ந்திருப்பது போலவும் தோன்றியது. மூடுங்கய்யா, எல்லாரும் செத்துடுவீங்க என்று கத்தினார். ஆமா ஆமா என்று யாரோ பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தன் குரல்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

சாவு வீட்டிலிருந்து திரும்பிய சவுரியம்மாள் எட்டிப் பார்த்து அலறினாள். ஒரு குடம் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கொட்டினாள். அந்த ஒரு காரியத்தை மட்டும் அவள் சரியாகச் செய்தாள். உயிர் பிழைத்தது அதனால்தான். வீடு வீடாகப் பார்க்க வருகிற நர்ஸம்மா மறுநாள் வந்து பார்த்துவிட்டு ஜெயத்திடம் கடுமையாகவே சொன்னார். "உடம்புல சூடு ஏறிடுச்சும்மா. இன்னொரு தடவ இந்த மாதிரி ஆச்சுன்னா தாங்க மாட்டாரு. காத்தோட்டமா வெச்சிக்குங்க."

காற்றோட்டமாக! எந்த நேரத்தில் என்று அவர் சொல்லவில்லை, பாவம், அவருக்கு இன்னும் பத்து வீடு பாக்கி. ஜெயமும் கேட்கவில்லை. அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். மறுநாள் மேற்கு ஜன்னல் கதவுகளைக் காற்றில் ஆடிச் சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கயிறு போட்டுக் கம்பியோடு இழுத்துக் கட்டினாள், பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துச் சாத்தினாள். இவ்வளவு நாளும் தான் சரியாகத் திறக்கவில்லை என்று அவள் நினைப்பு. மாசிலாமணி அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இந்த வெயில் காலத்தைத் தான் தாண்டப் போவதில்லை என்று அவருக்கு அப்போது உறுதியாகிவிட்டது. கொல்லப் போகிறவள் தன்னை இவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொள்கிறாளே என்பதை நினைக்க அவருக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் தாண்டவராயன் வந்தார். வாழைப்பழத்தோடு, மாசிலாமணி விழுந்த அன்று பஸ்ஸிலேயே கிடந்துவிட்ட தோல் பையையும் கொண்டுவந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஜெயம் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, தன்போக்கில் பேசிக்கொண்டே போனார்.

"புதுசா ஒரு பையன் கண்டக்டரா வந்துக்கிறான். ஷட்டர பத்தி ஒரு மண்ணும் தெரியல. மதியம் டிரிப்புல எல்லாத்தையும் தொறந்து போட்டுட்டு ஜனம் வெந்துக்கினு வருது. ஒன்ன திட்டின ஜனமே இப்ப, எங்கய்யா அந்த சிடுமூஞ்சி கண்டக்டரு, அவரு இருந்தா மூடச் சொல்லி வண்டிய குளுகுளுன்னு இட்டுக்கினு போவாரேன்னு கேக்குது." பிறகு ஜெயத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஒரே ராவடிம்மா இவரோட. ஆனா வெயிலு கணக்கு இவருக்கு அத்துப்படி."

"வூட்டுலயும் அந்த ராவடிதாங்க இருந்துச்சு," என்றாள் ஜெயம். "இப்ப மாறிட்டாரு. எது கேட்டாலும் ஆமாதான்."

தாண்டவராயன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையைத் துழாவி, கயிறு கோத்த அந்தப் பழைய விசிலை எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். "மாட்டிக்க கண்டக்டரே. சீக்கிரம் வந்து ரைட் குடு," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

படுக்கையில் உறுத்தும் என்று ஜெயம் விசிலைக் கழற்றிக் கட்டில் தலைமாட்டுக் கம்பியில் தொங்கவிட்டாள். இடது கைக்கு எட்டுகிற இடம்.

மறுநாள் விடிந்து அவள் குளிக்கப் போனபோது மாசிலாமணி விசிலை எடுத்தார். வாயின் இடது ஓரத்தில் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டார். ஊதினார். கோணிய வலப்பக்கம் வழியாகக் காற்றெல்லாம் கசிந்து புஸ்ஸென்று போயிற்று. மறுபடி ஊதினார். எச்சில்தான் வழிந்தது. போச்சு, இதுவும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெயம் தலையைத் துவட்டியபடி வந்து மேற்கு ஜன்னலின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். "இன்னிக்கு நல்லா தொறந்து வெச்சிட்டுப் போறேன், நர்ஸம்மா சொல்லிச்சில்ல? தொறக்கட்டா?" என்று வழக்கம்போலக் கேட்டாள்.

அவர் இடது கையின் இரண்டு விரலால் தொங்கிக் கிடந்த தன் வலது உதட்டைக் கிடுக்கிபோல் சேர்த்துப் பிடித்தார். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் திரட்டி ஊதினார்.

ப்ர்ர்ர்ர்ர்ர்!

ஒரே விசில். நீளமான விசில். ஜெயத்தின் கை தாழ்ப்பாளிலேயே நின்றது. திரும்பிப் பார்த்தாள். விசிலைக் கடித்துக்கொண்டு, உதட்டைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க அவளையே முறைத்துக்கொண்டிருந்தார். அந்த முறைப்பு அவளுக்குப் புதுசில்லை. முப்பது வருஷம் பார்த்த முறைப்பு.

"இன்னாய்யா? வேணுமா?" என்று தாழ்ப்பாளைக் கொஞ்சம் இழுத்தாள். ப்ர்ர்ர்ர்! கையை எடுத்தாள். ப்ர்ர், ப்ர்ர்! இரண்டு சின்ன விசில். மறுபடி தாழ்ப்பாளைத் தொட்டாள். ஒற்றை விசில் வீட்டையே அதிர அடித்தது.

"இன்னாடி ஜெயம், வூட்டுக்குள்ள பஸ்ஸு வந்துடுச்சா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து சவுரியம்மாள் குரல் கொடுத்தாள்.

ஜெயத்துக்கு அது காதில் விழவில்லை. ஷட்டரை மூடச் சொல்லி வண்டியைக் குளுகுளுவென்று கொண்டுபோவார் என்று தாண்டவராயன் சொன்னது அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலருகே மெல்ல வந்தாள். "மூடிவெக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். இத்தனை நாள் காணாமல் போயிருந்த 'ங்க' தானாகத் திரும்பி வந்திருந்தது.

இரண்டு விசில்.

"அப்ப ராத்திரியிலதான் தொறக்கணுமா?"

இரண்டு விசில்.

"பனிக்காத்து பட்டா கை இழுத்துக்கும்னு அக்கா..."

முடிக்கவிடவில்லை. ஒற்றை விசில். அவர் மப்ளரைப் பிய்த்துத் தரையில் எறிந்தார்.

ஜெயம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் புரிந்தது அவளுக்கு. டம்ளரை ஏன் எறிந்தார், ஏன் ஜன்னலைக் காட்டிக் காட்டிக் கதறினார், அந்த மதியம் ஏன் சாகக் கிடந்தார், எல்லாம். "அப்ப நீங்க ஆமா ஆமான்னதெல்லாம்... அது ஆமா இல்லியா? வாய்க்கு வேற வரலியா?" என்றாள். அவர் மெல்ல, இரண்டு முறை ஊதினார். "ஐயோ, நானே ஒங்கள வேகவெச்சிக்கினு இருந்தேனே," என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அவர் இடது கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார். அவளுடைய ஈரத் தலை அவர் விரலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

கொஞ்ச நேரம் அழுதவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. மாசிலாமணி அது வருவதை அவள் முகத்திலேயே பார்த்தார்.

"தெனமும் சாயந்திரம் ஒண்ணு கேப்பேனே," என்றாள். "நான் ஒங்கள நல்லா பாத்துக்குறனான்னு. அதுக்கும் ஆமான்னீங்க. அதுவும் சும்மா வாயில வந்ததுதானா? மெய்யச் சொல்லுங்க. எனக்காவ சொல்ல வேணாம்."

அவர் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். சூடான தலையணையை நினைத்தார், கம்பளி மப்ளரை நினைத்தார், கயிறு போட்டுக் கட்டிய கதவை நினைத்தார். தன் கட்டிலுக்குக் கீழே ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு, தன்னோடு சேர்ந்து வெந்துகொண்டு கிடந்தவளையும் நினைத்தார். உதட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஊதினார்.

ப்ர்ர்.

ஒன்று. அதோடு மூச்சு தீர்ந்துவிட்டது. அத்தனை விசில் ஊதிய நெஞ்சில் காற்றே இல்லை. ஒற்றை விசிலைக் கேட்ட ஜெயத்தின் முகம் அப்படியே விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "சரிதான்," என்றாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினாள்.

இரு, போயிடாதே, இன்னும் ஒண்ணு பாக்கி என்று மாசிலாமணி மனசுக்குள் கத்தினார். எழுந்திருக்கப் போனவளின் தோளைத் தாவிப் பிடிக்க உதட்டிலிருந்த கையை எடுத்தார். உதடு தொங்கிவிட்டது. மறுபடி விரலைக் கொண்டுபோய் உதட்டைப் பிடித்தார். மூச்சை இழுத்தார். நெஞ்சு வலித்தது. இன்னும் இழுத்தார். ஜெயம் எழுந்து நின்றுவிட்டாள், முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள்.

ப்ர்ர்.